பேச்சியின் வலது காது

"ஆட்டாத" என்றேன்.

"நான் எங்க ஆட்டுறேன்? அதுவா ஆடுது" என்றாள் பேச்சி.

முற்றத்தில் மாலை வெயில் ஓட்டு விளிம்பிலிருந்து இறங்கி, கிணற்றடிக் கல்லைத் தாண்டி, என் மனைவியின் மடியில் இருந்த சுளகுக்கு வந்து சேர்ந்திருந்தது. சுளகில் முருங்கைக்கீரை. அவள் கீரையை உருவ உருவக் காதில் தொங்கிய தண்டட்டி ஆடியது. தண்டட்டி ஆடக் காது ஆடியது. நான் ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தொடையில் பலகை, பலகையில் தாள், கையில் பென்சில் என்று அந்த ஆட்டம் நிற்பதற்குக் காத்திருந்தேன். நின்றது. ஓர் ஈ வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

காது என்றால் இப்போது இதைப் படிக்கும் பெண்களின் காது அல்ல. வளர்த்த காது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கைக்குழந்தையிலேயே காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திரித்து வைப்பார்கள். பஞ்சு பழகியதும் ஓலைச் சுருள். அதுவும் பழகியதும் கனமான ஈயக் குணுக்கை மாட்டி, "போய் விளையாடு" என்று அனுப்பிவிடுவார்கள். பிள்ளை ஓட ஓடக் காது இறங்கும். பெரியவளாகும்போது அது தோளை எட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தங்கத்தில் தண்டட்டி போடலாம். தண்டட்டி போட்டால்தான் பெண் கேட்டு வருவார்கள். நாங்களும் அப்படித்தான் போய்க் கேட்டோம்.

நான் வரைந்துகொண்டிருந்த காதுக்கு ஆயுள் அதிகம் இல்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் வந்து படுக்கும்படி ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். தொங்கும் சதையை அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துத் தைப்பார்கள். அதற்குக் காது ஒட்டுதல் என்று பெயர். பேச்சி அப்போது முழுகாமல் இருந்தாள். பிள்ளை வருவதற்குள் புண் ஆறிவிட வேண்டும் என்பது கணக்கு.

சரி என்று சொன்ன விதம்

யுத்தம் வரும், வராது என்று பத்திரிகைகள் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்த காலம். மதுரை ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சு மண்டியில் எனக்குக் குமாஸ்தா வேலை. குடியிருந்தது ஒரு வளவில். நடுவில் முற்றம், சுற்றிலும் வீடுகள், எல்லாருக்கும் ஒரே கிணறு. ஒரு வீட்டில் தாளித்தால் இன்னொரு வீட்டில் தும்முவார்கள்.

பேச்சி உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவள். வளவுப் பெண்களெல்லாம் சின்னத் தோடு போட்டிருந்தார்கள். எதிர்வீட்டு ராசாமணி அம்மாளுக்கும் முன்பு வளர்த்த காதுதான். ஒட்டிக்கொண்டு, வெள்ளைக்கல் தோடு போட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேவைக்கு அதிகமாகத் திருப்பிப் பேசும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே பேச்சி சொன்னாள்: "ராசாமணி மதினி மாதிரி நானும் காத ஒட்டிக்கிடலாம்னு இருக்கேன். கனக்குது."

"சரி" என்றேன். "கொஞ்சம் ரசம் ஊத்து."

இவ்வளவுதான். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அதுவரை நான் அந்தக் காதைப் பார்த்ததே இல்லை. என் தாயாருக்கு அப்படிப்பட்ட காது, அத்தைமாருக்கு அப்படிப்பட்ட காது. கிணற்றுக்கு ராட்டினம்போல, பெண்ணுக்குக் காது. கல்யாணமாகி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கோர்ட்டில் கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தால் தவறாகத்தான் சொல்லியிருப்பேன்.

செம்பின் பள்ளம்

பிறகுதான் பென்சில் வந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலியாகப் போவதாகச் சொன்னார்கள். பஞ்சு மண்டியில் நாள் முழுவதும் தும்மிக்கொண்டிருந்த எனக்கு அது சொர்க்க வாசல்போலத் தெரிந்தது. டிராயிங் பரீட்சை ஒன்று பாஸ் பண்ண வேண்டும். எதிரே ஒரு சாமானை வைப்பார்கள், அதைப் பார்த்து அப்படியே போட வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நமக்குக் கண் இருக்கிறது, சாமான் இருக்கிறது.

வீட்டிலிருந்த பித்தளைச் செம்பை எடுத்து ஸ்டூலில் வைத்து ஆரம்பித்தேன். முதல் வாரம் அது பூசணிக்காயாக வந்தது. அடுத்த வாரம் ஜாடி. செம்பு ஸ்டூலிலேயே குடியிருந்ததால், வந்தவர்களுக்குப் பேச்சி தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.

"செம்புக்கு எப்ப லீவு விடுவீக?" என்று கேட்டாள்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, செம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். புதுக் கண்டம் கண்டுபிடித்தவன்போல உள்ளே ஓடினேன்.

"பேச்சி, இது எப்ப நசுங்குச்சு?"

"வாங்கையிலயே நசுங்கித்தான் இருந்துச்சு. அதான கடைக்காரன் வெலையக் கொறச்சான்."

செம்பைக் கையில் எடுத்தேன். என் கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷமாக அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் வெயில் சின்ன நாமம்போல நின்றது. அதைப் போட்டதும், தாளில் இருந்த ஜாடி சட்டென்று எங்கள் வீட்டுச் செம்பாகிவிட்டது.

பரீட்சைக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். போனேன். எதிரே செம்புதான் வைத்தார்கள். புத்தம்புதுச் செம்பு. கை பழக்கத்தில் அதற்கும் ஒரு பள்ளம் போட்டுவிட்டேன். மேற்பார்வைக்கு வந்தவர் என் தாளைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், செம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். பாஸாகவில்லை. இன்னும் பல காலம் பஞ்சில் தும்மினேன்.

கண் திறந்ததில் வந்த தொல்லை

பரீட்சை போனது, பழக்கம் போகவில்லை.

இட்லியைத் திருப்பினால் அடியில் துணியின் நெசவு பதிந்திருப்பது தெரிந்தது. இத்தனை காலம் தின்றிருக்கிறேன், தெரியாது. மல்லிகை மொட்டு வெள்ளை இல்லை. காம்புப் பக்கம் ஒரு ஊதா, நகக்கணுவில் அடிபட்ட மாதிரி. காக்கை கறுப்பு இல்லை. கிணற்றின் விளிம்புக்கல்லில் கயிறு அறுத்த தடங்கள், யாரோ விரலால் தயிரை வழித்ததுபோல அத்தனை மெத்தென்று இருந்தன. வைகையில் தண்ணீர் வற்றிய நாளில் சலவைக்காரர்கள் மணலில் சேலைகளை விரித்துப் போடுவார்கள். பாலத்து மேலிருந்து பார்த்தால் ஆறு மறுபடியும் ஓடுவதுபோல இருக்கும், மஞ்சளாகவும் அரக்காகவும். நான் நின்று பார்ப்பேன். மண்டியில் நேரமாகிவிடும். ஏன் தாமதம் என்று முதலாளி கேட்டால், ஆற்றில் வெள்ளம் என்று சொல்ல முடியாது.

சாமான்கள் தீர்ந்தன. செம்பு, குத்துவிளக்கு, அம்மி, குடை. ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் இருக்கக்கூடியதாக வீட்டில் மிச்சம் இருந்தது, கீரை ஆய்கிற பேச்சிதான். முகம் வரைய எனக்குத் தைரியம் போதாது. பக்கவாட்டில் உட்கார்ந்து வலது காதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வடையாக வந்தது. பிறகு முறுக்கு. பிறகு ஒருநாள் வெயில் அவளுக்குப் பின்னால் இறங்கிய நேரத்தில், அந்தச் சதை வளையம் மாதுளம்பூ நிறத்தில் பற்றிக்கொண்டது. நடுவில் ஒரு நரம்பு, இலையில் ஓடுவதுபோல. வளையத்துக்குள் தெரிந்த வெட்டவெளியில், கிணற்றடியும் ராசாமணி வீட்டுக் கொடியில் காய்ந்த ஒரு துண்டும் இருந்தன. நான் பென்சிலை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடும்போல இருந்தது.

அதன் பிறகு தெருவில் எனக்குக் காதுகளாகத் தெரிந்தன. ஒருநாள் மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்காரி ஒருத்தியின் காதை அளவு பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த நாளில் தண்டட்டியைக் காதோடு அறுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

"என்னய்யா, அங்கன என்ன பார்வ?"

"ஒண்ணுமில்லம்மா. காது."

"காதா?" அவள் கை எடைக்கல்லுக்குப் போயிற்று.

"வரையலாம்னு பாத்தேன்."

"ஓகோ, அறுக்க முந்தி வரைஞ்சு வேற வச்சுக்கிருவீகளோ?"

அரை வீசை கத்திரிக்காய் வாங்கித்தான் அந்த இடத்தை விட்டு வர முடிந்தது.

வீட்டுக்கு வந்து கத்திரிக்காயை வைத்துவிட்டுச் சொன்னேன்: "பேச்சி, காத ஒட்ட வேண்டாம்."

"ஏன்?"

"அழகா இருக்கு."

அவள் கத்திரிக்காய் ஒன்றை எடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்தாள். "கலியாணத்தப்ப இல்லாத அழகு இப்ப எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

"அப்ப நான் பாக்கல."

"பாக்காமயா தாலி கட்டுனீக?"

அவள் அந்தக் கத்திரிக்காயைத் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்குச் சரின்னீக. நானும் டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன். திருவிழா முடியிற மட்டும் எம்புட்டு வேணுமோ வரைஞ்சுக்கங்க. வேணாங்கல."

அப்படியாக ஒரு காதுக்கும் ஒரு பென்சிலுக்கும் இடையே ஓட்டப்பந்தயம் ஆரம்பித்தது. மண்டியிலிருந்து ஓடி வருவேன். வெயில் இருக்கும் மட்டும் வரைவேன். அவளுக்குக் கீரை ஆய்கிற வேலை இல்லாத நாளிலும் நான் கீரை வாங்கி வந்தேன். அந்தச் சித்திரையில் நாங்கள் தின்ற முருங்கைக்கீரைக்கு இருவர் ரத்தமும் இரும்பாகியிருக்க வேண்டும்.

மச்சான் வந்தார்

திருவிழாவுக்குப் பேச்சியின் அண்ணன் சின்னச்சாமி வந்தார். தலையில் மொச்சை மூட்டை, காதில் சிவப்புக்கல் கடுக்கன். கிணற்றடியில் கால் கழுவுவதற்குள் ராசாமணி அம்மாள் விஷயத்தை அவர் காதில் போட்டுவிட்டார். கழுவின கால் காய்வதற்குள் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, காதறுக்கப் போறயாம்?"

"அறுக்கலண்ணே. ஒட்டப் போறாக."

"அறுக்காம எப்புடி ஒட்டுவாக?"

"கொஞ்சமா அறுப்பாக."

"அறுத்தத என்ன செய்வாக?"

"தெரியல. உனக்கு வேணும்னா கேட்டு வாங்கியாறேன்."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க கேக்க மாட்டீகளா? ஊருல காதறுத்தவன்னு ஒருத்தியச் சொன்னா என்ன அருத்தம்? அவ ஏதோ செஞ்சுட்டா, புருசன் அறுத்துட்டான். நாளைக்கு இவ ஊருக்கு வந்து எறங்குனா நான் ஆரு ஆருக்குப் பதில் சொல்லுவேன்?"

"டவுன் தண்ணி ஒத்துக்கிடாம சுருங்கிப்போச்சுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பேச்சி அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். துணைக்கு ஆள் வந்துவிட்டது. கட்சி பலப்பட்டுவிட்டது. எழுந்து போய், வரைந்ததிலேயே நன்றாக வந்திருந்த ஒரு தாளை எடுத்து வந்து மச்சான் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"எங்காத்தா காது மாப்ள இது. அதே காது."

அவர்கள் தாயார் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. படம் என்று எதுவும் கிடையாது. மச்சான் விரலால் அந்தக் கோட்டைத் தொடாமல், அதற்கு மேலே காற்றில் தடவினார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆண்பிள்ளைகள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு தாளைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தோம். காது அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தது.

பேச்சி காப்பியோடு வந்தாள். "என்னத்த பாக்குறீக?" என்று குனிந்தாள்.

அவளுக்கு நான் காட்டியதே இல்லை. முடியட்டும், முடியட்டும் என்று வைத்திருந்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இப்படியா இருக்கு?" என்றாள். "எனக்கு என்ன தெரியும்? கண்ணாடியில நேரா பாத்தா மூஞ்சிதான தெரியும்." இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு."

எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆத்தா காது மாதிரியே இருக்குல்லத்தா?" என்றார் மச்சான்.

"ஆமா. இது வலது காது. ஆத்தாவுக்கும் வலது காது நல்லாத்தான் இருக்கும். இடது காது எப்படிண்ணே இருக்கும்?"

மச்சான் காப்பியைப் பார்த்தார்.

"சொல்லுண்ணே. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுல்ல."

"ரெண்டா அறுந்து தொங்கும்" என்றார் மச்சான்.

"அறுத்தது ஆரு?"

"நான் கைப்பிள்ளத்தா அப்ப. எனக்கு என்ன தெரியும்? மடியில கெடந்தவன் பிடிச்சு இழுத்திருக்கேன்."

"உன்னைய ஆரு குத்தம் சொன்னா? பிள்ளைன்னா இழுக்கத்தான் செய்யும். இம்புட்டுப் பெரிய தொள்ளைய மூஞ்சிக்கு நேரா ஆட்டுனா எந்தப் பிள்ள சும்மா இருக்கும்?" வயிற்றை ஒரு கையால் லேசாகத் தட்டினாள். "இதும் உன் மருமகந்தான. இழுக்கும்."

சொல்லிவிட்டு அவள் தண்டட்டிகளைக் கழற்றினாள். கனம் போனதும் காது ஒரு விரற்கடை மேலே ஏறியதுபோலத் தெரிந்தது. நாள் கணக்காக வரைந்தவன் நான். கனம் இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. நூலை முறுக்கி எடுத்து வந்து, மச்சானின் கடுக்கனைக் கழற்றச் சொல்லி, அந்தத் துளைகளில் நூலைக் கோத்து, தண்டட்டிகளைத் தொங்கவிட்டாள்.

"என்னத்தா செய்யிற?"

"காப்பி குடிச்சு முடிக்கிற மட்டும் இருக்கட்டும். பாக்குறது நீங்க. தூக்கிக்கிட்டுத் திரியிறது நானு."

மச்சான் காப்பி குடித்தார். தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதுபோலக் கழுத்தை நட்டமாக வைத்துக்கொண்டு குடித்தார். தம்ளரை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனார், தண்டட்டி பின்னால் போய்க் கழுத்தில் இடித்தது. நூல் காதை அறுத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். உபயோகமில்லை. ராசாமணி அம்மாள் வாளியோடு வெளியே வந்தார், மீசையும் தண்டட்டியுமாக ஓர் ஆள் காப்பி குடிப்பதைப் பார்த்தார், வாளியோடு உள்ளே போய்விட்டார்.

"கனக்கத்தான் செய்யுது" என்றார் மச்சான்.

"பழகிரும்ணே. ராவுல ஒருக்களிச்சுப் படுக்கத்தான் முடியாது."

"அவுத்து விடுத்தா."

அவிழ்த்தாள். அவர் காது மடலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு என்னைக்கு மாப்ள?" என்று கேட்டார். "மொச்சைய மண்டியில இறக்கிட்டு, நானும் இருந்து கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

மறுநாள் பேச்சி தண்டட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றடியில் இருந்தபோது, நானும் ஒன்றை நூல் கட்டி என் இடது காதில் மாட்டிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்து செம்பை வரைந்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. செம்பு இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. நேராகப் போட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

தையல்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மச்சானும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தமே இல்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்தார்கள். மச்சான் மடியில் தண்டட்டிகளை முடிந்து வைத்துக்கொண்டு, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவற்றை அழித்துத் தோடும், மிச்சத்தில் பிள்ளைக்குக் காப்பும் என்பது பேச்சியின் உத்தரவு. அறுத்ததை என்ன செய்தார்கள் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் சாயங்காலம், அவளாகவே சுளகை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து பக்கவாட்டில் உட்கார்ந்தாள். வெயில் கிணற்றடிக் கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ம்" என்றாள்.

சோப்புப் பெட்டியைக் கவிழ்த்தேன். காது சின்னதாக, கழுத்தை விட்டு விலகி, புதிதாக ஊருக்கு வந்த பிள்ளைபோல இருந்தது. அடியில் தையல் தடம், வெந்தயத்தை வரிசையாக ஒட்டியதுபோலச் சிவந்து மேடாக. வளையம் இல்லை. வளையத்துக்குள் இருந்த கிணற்றடி இல்லை. அவள் கழுத்து நீளமானது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காது அதை மறைத்திருந்திருக்கிறது.

போட்டேன். மேல் மடல், உள் வளைவு, கீழே வழவழவென்று ஒரு வளைவு. நன்றாக வந்தது. நீட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"தையலக் காணோம்" என்றாள்.

"வேண்டாம்னு விட்டேன்."

"செம்புல பள்ளம் இருந்துச்சு, போட்டீக. பரீட்சையில இல்லாத பள்ளத்தையும் போட்டீக. எனக்கு மட்டும் இருக்குறத விடுவீகளோ?" தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "போடுங்க."

பென்சிலைச் சீவினேன். அவள் பழையபடி திரும்பி உட்கார்ந்து கீரையை எடுத்தாள்.

வாய்ப் பழக்கத்தில், "ஆட்டாத" என்றேன்.

கீரையை உருவினாள். காது ஆடவில்லை. தையலை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன்.